மின் இணைப்பு: செய்யும் முறையும் சோதிக்கும் முறையும்

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. தேர் எத்துணை உயரமாயினும், வடம் பிடிப்போர் எத்தனை பேராயினும், சக்கரம் கழன்று விடாமல் காப்பது அச்சின் முனையில் செருகிய அந்தச் சிறு ஆணியே. நூற்பாலை, அரிசி ஆலை, அச்சகம், தண்ணீர் இறைக்கும் நிலையம் ஆகிய இடங்களில் இயங்கும் மின் இயந்திரங்களுக்கும் இத்தகைய அச்சாணி ஒன்று உண்டு. கம்பியும் கம்பியும், கம்பியும் இயந்திரமும் கூடுகின்ற மின் இணைப்பே அது.

இயந்திரத்தைக் காண வருவோர் அதன் வேகத்தைக் கண்டு வியப்பர். அதன் பக்கத்திலுள்ள சிறு பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் நட்டும் வாஷரும் சரியாக உள்ளனவா என்று பார்ப்போர் சிலரே. ஆயினும் அந்தப் பெட்டிக்குள் செய்த வேலை செம்மையாக இல்லையெனில் இயந்திரம் எரியும், ஆலையில் தீப்பற்றும், மனித உயிர்களும் பறிபோகும். ஒரேயொரு கம்பியின் நுனி சரியாகப் பொருந்தாமையால் தொடங்கி, ஆறு பேரின் மரணத்தில் முடிந்த உண்மை நிகழ்ச்சி ஒன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

“இது ஆலைத் தொழிலாளருக்குரிய பாடமாயிற்றே! நமக்கு எதற்கு?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கு சுடுவதையும், அது செருகப்படும் துளைகள் பழுப்பேறி இருப்பதையும் நம்மில் பலர் கண்டிருப்போம். ஆலையில் பெரிய அளவில் நேர்வதே அங்குச் சிறிய அளவில் நேர்கின்றது.

இணைப்பான்களின் வகைகள்

ஆலைகளில் பயன்படும் இணைப்பான்களை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்வோம்.

முதலாவது, ‘லக்’ எனப்படுவது. இது செம்பினால் அல்லது அலுமினியத்தினால் ஆன சிறு குழல். இதன் ஒரு பக்கம் கம்பி நுழையும் குழாயாகவும், மறுபக்கம் போல்ட்டு நுழையும் வளையமாகவும் இருக்கும். கம்பியைக் குழாயினுள் செலுத்தி, அதற்கென உள்ள கருவியால் நசுக்கி இறுக்குவர். இதற்குக் ‘கிரிம்பிங்’ என்று பெயர்.

இரண்டாவது, ‘டெர்மினல் பிளாக்’. ஒரு கட்டையில் வரிசையாகப் பல இணைப்பிடங்கள் அமைந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு திருகோ, வலிய ஸ்பிரிங்கோ கம்பியின் நுனியை அழுத்திப் பிடிக்கும். இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுள் இவற்றை நூற்றுக்கணக்கில் காணலாம்.

மூன்றாவது, கழற்றி மாட்டக்கூடிய பிளக்கும் சாக்கெட்டும். இடம் மாற்றி வைக்கும் இயந்திரங்களுக்கு இவை பயன்படும்.

மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் இணைப்புப் பெட்டியைத் திறந்தால் பொதுவாக ஆறு தண்டுகள் தெரியும். மோட்டாரினுள் மூன்று சுருள்கள் உள்ளன. சுருள் ஒவ்வொன்றுக்கும் நுனிகள் இரண்டு, ஆக ஆறு. சிறு உலோகத் தகடுகளைக் கொண்டு இந்த ஆறினையும் நட்சத்திர வடிவில் இணைக்கலாம். அல்லது முக்கோண வடிவில் இணைக்கலாம். எவ்வாறு இணைப்பது என்பது மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படியாமல் இணைப்பது, மருந்துச் சீட்டைப் படியாமல் மருந்து கொடுப்பது போன்றதாகும்.

தளர்ந்த இணைப்பு ஏன் சுடுகின்றது?

ஜெர்மனி நாட்டின் கொலோன் நகரில், இயேசு சபையாரின் பெயரால் வழங்கிய உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். பள்ளி ஆசிரியரான இவர் தாம் செய்த சோதனைகளின் பயனாக, மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பின்னர் 1841-இல் இங்கிலாந்து நாட்டு ஜூல் என்பவர், மின்னோட்டத்தினால் கம்பியில் உண்டாகும் வெப்பத்தின் விதியைக் கூறினார். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, அதனை மின்தடையால் பெருக்கினால் வெப்பமாக மாறும் திறன் கிடைக்கும் என்பதே அவ்விதி.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார் ஒன்று, 415 வோல்ட் மின்சாரத்தில் முழுப் பளுவுடன் ஓடும்போது, ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 15 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். நன்றாக இறுக்கிய இணைப்பின் மின்தடை 0.0002 ஓம் என்று கொண்டால், அங்குண்டாகும் வெப்பம் 0.045 வாட் மட்டுமே. அது கைக்கும் தெரியாது. அதே இணைப்பு தளர்ந்து அதன் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டதாகக் கொள்வோம். இப்போது உண்டாகும் வெப்பம் 22.5 வாட். ரேடியோ பழுது பார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சிறிய பற்றவைப்புக் கோலின் திறன் சுமார் 25 வாட் ஆகும். எனவே, தளர்ந்த இணைப்பு என்பது மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் எரியும் பற்றவைப்புக் கோலுக்குச் சமம் எனலாம். கம்பியின் மேலுள்ள சாதாரண பி.வி.சி. உறையோ 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தைத் தாங்குவதற்கே செய்யப்பட்டது.

மின்தடை எவ்வாறு கூடுகின்றது? வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பை நுண்பெருக்கியால் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். அழுத்தம் மிகுந்தால் உச்சிகள் நசுங்கித் தொடும் இடம் பெருகும். அழுத்தம் குறைந்தால் மின்சாரம் முழுவதும் மிகச் சில புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துச் செல்ல நேரும். அங்கு வெப்பம் உண்டாகும். வெப்பத்தால் உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும். ஆக்சைடினால் மின்தடை இன்னும் கூடும்; மின்தடை கூடக் கூட வெப்பமும் கூடும். இவ்வாறு தீங்கு தன்னைத் தானே வளர்த்துக் கொள்கின்றது.

தண்ணீர்க் குழாயின் இணைப்பு தளர்ந்தால் நீர் சொட்டி நமக்கு அறிவிக்கும். மின் இணைப்பு தளர்ந்தாலோ விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எல்லாம் நலமே என்று தோன்றும். இதுவே இதன் பேராபத்து.

நல்ல இணைப்பைச் செய்யும் முறை

முதலில் கம்பியின் பருமனுக்கு ஏற்ற லக்கினைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். லக் சிறியதாக இருக்கிறதென்று கம்பியின் இழைகளில் சிலவற்றை வெட்டி எறிவது பெருந்தவறு. ஏழு இழைகள் சுமக்க வேண்டிய பளுவை ஐந்து இழைகள் சுமக்க நேரும்.

அடுத்து, குழாயின் நீளத்திற்கு வேண்டிய அளவு மட்டும் மேலுறையைச் சீவுதல் வேண்டும். கத்தி இழைகளில் படலாகாது. கீறல் விழுந்த இழை, இயந்திரத்தின் அதிர்வினால் அந்த இடத்திலேயே முறியும். உறை குழாயினுள்ளே புகுந்து அகப்பட்டுக் கொள்ளவும் கூடாது.

மூன்றாவதாக, லக்கின் அளவுக்குரிய அச்சுப் பொருத்திய கிரிம்பிங் கருவியால் நசுக்குதல் வேண்டும். சுத்தியலால் தட்டியும் கட்டிங் பிளேயரால் கடித்தும் செய்த வேலை, பார்வைக்கு இறுகியதாகத் தோன்றினும் உள்ளே வெற்றிடம் இருக்கும். நல்ல கிரிம்பிங் கருவி, முழு அழுத்தமும் கொடுத்து முடியும்வரை லக்கை விடாது. முடிந்ததும் கம்பியைக் கையால் உறுதியாக இழுத்துப் பார்த்தல் வேண்டும். பூத்தொடுப்போர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்கிய பின்னரே அடுத்த பூவை வைப்பதைப் போன்றதே இது.

நான்காவதாக, லக்கைத் தண்டில் பொருத்தும் வரிசை முக்கியமானது. லக்கின் தட்டையான முகம் மின்சாரம் பாயும் உலோகப் பரப்பின் மீது நேரடியாக அமர வேண்டும். அதன்மேல் தட்டை வாஷர். அதன்மேல் ஸ்பிரிங் வாஷர். அதற்கும் மேல் நட்டு. லக்கிற்கும் பரப்பிற்கும் நடுவே இரும்பு வாஷரை வைத்துவிட்டால் மின்சாரம் அந்த இரும்பின் வழியே செல்ல நேரும், இணைப்பு சுடும். போல்ட்டின் வேலை அழுத்துவது. மின்சாரத்தைக் கடத்துவது இரு முகங்களின் வேலை. இதனை நினைவிற் கொண்டால் வரிசை ஒருபோதும் மறக்காது.

ஐந்தாவதாக, இறுக்கத்திற்கும் ஓர் அளவு உண்டு. குறைவாக இறுக்கினால் தளரும்; மிகையாக இறுக்கினால் பித்தளைத் தண்டின் மரை அழியும், தண்டே முறிந்தும் போகும். ஆகவே இயந்திரம் செய்தவர் குறித்துள்ள அளவுக்கு, ‘டார்க் ரெஞ்சு’ என்னும் அளவுகாட்டும் கருவியால் இறுக்குவர். பின்னர் நட்டின் மீதும் தண்டின் மீதும் சேர்ந்தாற்போல் வண்ணத்தால் ஒரு கோடு இடுவர். நட்டு பின்னால் சிறிது திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்து விடும். எளிய உபாயம், ஆயினும் சிறந்த காவல்.

பல இழைகள் கொண்ட கம்பியின் நுனியில் ஈயம் பூசித் திருகின்கீழ் வைப்பது சிலருக்கு வழக்கம். இது தவறாகும். ஈயக்கலவை மெதுவானது, திருகின் அழுத்தத்தால் நாளடைவில் சற்றே நகர்ந்து கொடுக்கும், இணைப்பு தளரும். அதற்குப் பதிலாக நுனியில் ‘பெரூல்’ என்னும் சிறு உலோகக் குழலை மாட்டி நசுக்கி, அதன்பின் திருகின்கீழ் வைத்தல் நலம்.

பச்சை நிற எர்த் கம்பியை முதலில் இணைத்து, கழற்றும்போது கடைசியாகக் கழற்றுதல் வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ‘கிளாண்ட்’ பொருத்தினால், கேபிளின் கனமும் இழுப்பும் இணைப்பின்மீது விழா. தூசியும் நீரும் உட்புகா.

செம்பும் அலுமினியமும்

அலுமினியம் விலை மலிந்தது, கனம் குறைந்தது. ஆயினும் இணைப்பில் அதனிடம் மிகுந்த கவனம் தேவை. காற்றுப் பட்டவுடனேயே அதன்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகிவிடும். மேலும், வெப்பத்தால் அது செம்பை விட மிகுதியாக விரியும். விரிந்தும் சுருங்கியும் நாளடைவில் இணைப்பு தளர்கின்றது. ஈரம் சேர்ந்தால், செம்புடன் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும்.

அமெரிக்காவில் 1960-களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் வீடுகளுக்கும் அலுமினியக் கம்பி பொருத்தினர். 1972-க்கு முன் செய்த அலுமினியக் கம்பியுள்ள வீடுகளில், ஏதேனும் ஓர் இணைப்பு தீ மூட்டும் நிலையை அடையும் வாய்ப்பு, செம்புக் கம்பியுள்ள வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. கம்பியின் நடுப்பகுதியை அது குறை கூறவில்லை. ஆபத்து இருந்தது இணைப்பில்தான்.

எனவே அலுமினியக் கேபிளைச் செம்புப் பட்டையுடன் இணைக்கும்போது, ஒரு பாதி அலுமினியமும் மறுபாதி செம்புமாகச் செய்த இரு உலோக லக்கைப் பயன்படுத்துவர். கம்பியைத் தேய்த்து ஆக்சைடை நீக்கி, காற்றுப் புகாதபடி அதற்குரிய பசையையும் பூசுவர்.

சோதிக்கும் முறை

இணைப்பைத் தொட்டுச் சோதிக்கும் உரிமை, அதற்குரிய பயிற்சியும் தகுதிச் சான்றிதழும் பெற்றவர்க்கே உண்டு. அவர் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதற்குப் பூட்டிட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக் கொள்வார். “வேலை நடக்கிறது” என்னும் பலகையைத் தொங்க விடுவார். பின்னர் சோதனைக் கருவியை மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அடுத்து, தாம் வேலை செய்யவிருக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பார். மறுபடியும் முதலில் பார்த்த இடத்தில் வைத்துப் பார்ப்பார். கருவியே பழுதாகி, உயிருள்ள கம்பியை உயிரற்றதெனக் காட்டிவிடக் கூடாதல்லவா? இம்மூன்று படிகளையும் ஒருநாளும் விடாதவரே நல்ல மின்பணியாளர்.

அதன்பின் கண்ணால் பார்ப்பது. உறை பழுப்பாகவோ கருகியோ இருக்கின்றதா? செம்பில் பச்சை பூத்திருக்கின்றதா? அலுமினியத்தில் வெள்ளைப் பொடி உள்ளதா? வண்ணக்கோடு விலகியிருக்கின்றதா? இழை ஏதேனும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கின்றதா? மூக்கும் உதவும், சுட்டுப்போன இணைப்பினருகே கருகல் வாடை வீசும். அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்ப்பது.

பிறகு அளவிடுவது. இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. ‘மெகர்’ என்னும் கருவி உறையின் காப்பு நன்றாக உள்ளதா என்பதைக் காட்டும். இணைப்பு இறுகியுள்ளதா என்பதைக் காட்டாது. இணைப்பின் மின்தடை மிகச் சிறியதாதலால், அதனை அளக்கத் தனியாக மைக்ரோ ஓம் மீட்டர் தேவை.

இயந்திரம் ஓடும்போதே செய்யும் சோதனையும் ஒன்றுண்டு. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு படமெடுக்கும் காமிரா, சுடும் இணைப்பைத் தொடாமலே காட்டிவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று கம்பிகளும் ஒரே அளவு மின்னோட்டத்தைச் சுமக்கையில், மஞ்சளின் இணைப்பு மட்டும் மிகுதியாகச் சுடுமாயின் குறை எங்கே என்பது விளங்கிவிடும். அதனை அப்படியே விட்டுவைத்து ஒரு கம்பி முற்றும் கழன்றால், மோட்டார் மற்ற இரண்டின் வழியே மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துக் கொண்டு ஓடும். காப்புக் கருவி நிறுத்தாவிடில் சுருள் எரிந்துவிடும்.

ஒரு கம்பி நுனியும் ஒரு பாலமும்

வெப்பம் உண்டாகாமலும் ஓர் இணைப்பு பேரழிவைத் தரக்கூடும். கட்டளைகளை எடுத்துச் செல்லும் மெல்லிய கம்பிகளில் மின்னோட்டம் மிகக் குறைவு, அவை சுடுவதில்லை. ஆனால் இணைப்பு ஒரு நொடி விட்டாலும் கட்டளை அறுந்துவிடும்.

2024 மார்ச் 26-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல் புறப்பட்டது. நீளம் சுமார் 300 மீட்டர். அதில் பணிபுரிந்தோரில் பெரும்பாலோர் இந்தியர். 1977-இல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நெருங்கும்போது கப்பலின் மின்சாரம் திடீரென நின்றது. விளக்குகள் அணைந்தன, குளிர்நீர்ப் பம்பு நின்றமையால் எஞ்சினும் நின்றது. மின்சாரத்தை மீட்டனர், ஆனால் எரிபொருள் செலுத்திய பம்பு ஒன்று தானாக மீண்டும் ஓடாத காரணத்தால் அது மறுபடியும் நின்றது. அதிகாலை 1.29 மணிக்குக் கப்பல் பாலத்தின் தூணில் மோத, பாலம் ஆற்றில் சரிந்தது. கப்பலிலிருந்து வந்த அபாய அறிவிப்பைக் கேட்டுப் போலீசார் வாகனங்களை நிறுத்தியதால் பலர் பிழைத்தனர். ஆனால் பாலத்தின்மேல் சாலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளரில் 6 பேர் மாண்டனர்.

முதலில் மின்சாரம் நின்றது எதனால்? அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து, 2025 நவம்பரில் தன் முடிவைக் கூறியது. ஒரு பெரிய பிரேக்கரின் கட்டுப்பாட்டுக் கம்பி ஒன்று, டெர்மினல் பிளாக்கின் ஸ்பிரிங் பிடிக்குள் முழுமையாக நுழையவில்லை. கம்பியை இன்னதென்று அடையாளம் காட்ட மாட்டியிருந்த பட்டையே, அது முழுதும் உள்ளே செல்ல முடியாமல் தடுத்திருந்தது. கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தது. தொடர்பு விட்டதும் பிரேக்கர் திறந்து கொண்டது.

அக்கப்பலில் இத்தகைய கம்பிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் ஒன்றின் நுனி சிறிதளவு வெளியே நின்றுவிட்டது. அதை மாட்டியவர் கையை எடுக்குமுன் ஒருமுறை உற்றுப் பார்த்து இழுத்துப் பார்ப்பதற்குச் சில நொடிகளே வேண்டியிருந்திருக்கும். பிழைப்புக்காக இரவில் கண்விழித்துச் சாலை செப்பனிட்ட ஏழைத் தொழிலாளர்கள், அந்தக் கம்பியைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ஒருவருடைய வேலையின் செம்மையை நம்பி, அவர் முகமறியாத பலர் வாழ்கின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் பிளக்கு சுட்டாலோ, சாக்கெட்டு பழுப்பேறினாலோ, ஸ்விட்சில் படபடவென்று ஓசை கேட்டாலோ உடனே பெற்றோரிடம் சொல்வோம். அதைத் தொடாமல், பயன்படுத்துவதை நிறுத்தி, தகுதிபெற்ற மின்பணியாளரை அழைக்கச் செய்வோம். அவர் வந்து “எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்” என்று சொன்னால், அதை வீண் செலவென்று எண்ண வேண்டாம் எனப் பெரியோரிடம் அன்புடன் எடுத்துரைப்போம்.

தோழியருள் இத்துறையில் விருப்பம் உடையோர் தயங்க வேண்டுவதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், கம்பியாள் பிரிவுகளில் பெண்களும் பயில்கின்றனர். ஊசியில் நூல் கோத்து நேர்த்தியாகத் தைக்கும் கைக்கும், இழையைக் கீறாமல் உறை சீவும் கைக்கும் வேண்டுவது ஒரே பொறுமைதான்.

1955-ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். சூசையப்பர் தச்சர். மரவேலையில் ஒரு கட்டையின் நாக்கு மற்றொரு கட்டையின் துளைக்குள் மறைந்துவிடும். நாற்காலியில் அமர்பவர் அதைக் காண்பதில்லை. அந்த மறைந்த இடத்தைச் செம்மையாகச் செய்பவனே நல்ல தச்சன். மின் இணைப்பும் மூடியின் உள்ளே மறைந்திருப்பது. மூடியைத் திருகிய பின் நாம் செய்த வேலையை இறைவன் ஒருவரே காண்பார். எந்தத் தொழிலை நாம் மேற்கொண்டாலும், மூடி போடுமுன் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வோமாக.